சிவப்பின் இடத்தில் கறுப்பு

சிவப்பு ஒயர் இருக்க வேண்டிய முனையில் கறுப்பு ஒயர் இருந்தது. அது மட்டும் என்றால் அவன் சிரித்துவிட்டு மாற்றிப் போட்டிருப்பான். கார் டிக்கியில் வைக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுக்கிற தொழிலில் பதினாறு வருஷம் ஆகிறது. ஸ்பீக்கருக்குப் பின்னால் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போன பெட்டிகளை மாதத்துக்கு இரண்டையாவது பார்க்கிறான். வீடியோ பார்த்துத் தானே மாட்டிக்கொண்டவர்கள், அவசரக்கார மெக்கானிக்குகள், மச்சான் செய்து கொடுத்தான் என்று தலையைச் சொறிகிறவர்கள். அந்தத் தவறுகளெல்லாம் பார்த்தாலே தவறு என்று தெரியும். முறுக்கிவிட்ட ஒயர், பிசுபிசுத்த டேப், பாதி கழன்ற முனை. இது அப்படியில்லை. முனையைச் சுத்தமாகச் சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ரப்பர் உறை ஏற்றி, அசையாதபடி இரண்டு இடத்தில் நூலால் கட்டியிருந்தது. காயத்துக்குத் தையல் போடுகிற நூல் மாதிரி மெல்லிய கறுப்பு நூல். முடிச்சுகள் ஒரே அளவு.

தெரியாமல் செய்கிற தவறுக்கு யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

ஒரு பெட்டிக்குள் இரண்டு சப்வூஃபர் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் முன்னால் தள்ள வேண்டும், ஒரே நேரத்தில் பின்னால் இழுக்க வேண்டும். அப்போதுதான் அந்த அடிவயிற்றுச் சத்தம் எழும்பும். ஒன்றுக்கு மட்டும் ஒயரை மாற்றிக் கொடுத்தால், இது தள்ளும்போது அது இழுக்கும். இது கொடுக்கிற காற்றை அது விழுங்கிவிடும். இரண்டும் மாய்ந்து மாய்ந்து ஆடும். வெளியே ஒன்றும் கேட்காது. ஒரே கதவை ஒருவர் உள்ளேயிருந்தும் ஒருவர் வெளியேயிருந்தும் தள்ளுவது போல. கதவு அசையாது, இருவருக்கும் வியர்க்கும்.

கடையின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. வெளியே முற்பகல் வெயில், உள்ளே குழல்விளக்கு. எதிரே தையல்கடை வைத்திருப்பவர் சத்தம் தாங்காமல் நாலைந்து முறை சண்டைக்கு வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் அது. "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?" என்று கத்தரிக்கோலும் கையுமாக நடுத்தெருவில் நின்று அவர் கேட்டதற்குத் தெருவே சிரித்தது. ஊமை என்பதுதான் இவனுடைய பெயர். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில், அதுவும் கொஞ்சம் பொறுத்து. தெருவிலேயே பெரிய சத்தத்தை விற்கிறவனுக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததில் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஒரு சந்தோஷம். ஊமைக் கடை என்றுதான் வழி கேட்டு வருவார்கள்.

மாடியில் அவன் மனைவி இருந்தாள். ஏழு மாதம். இதற்கு முன்னால் இரண்டு முறை தங்காமல் போனது. முதலாவது மூன்றாம் மாதத்தில், அடுத்தது ஐந்தாம் மாதத்தில். இந்த முறை இருவரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை. பேச்சுக் காதில் விழுந்தால் இதுவும் எழுந்து போய்விடும் என்பதுபோல் ஒரு பயம். மதியச் சாப்பாட்டுக்குள் பத்து உதை எண்ணிவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒவ்வொரு உதைக்கும் அவள் ஒரு பழைய நீளக் குடையால் மாடித் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாள். கீழே அவன் தலைக்குமேல் டொக் என்று கேட்கும். அவன் ஸ்பேனரை நிறுத்தி மனதுக்குள் ஓர் எண் ஏற்றிக்கொள்வான். அன்றைக்கு அதுவரை ஏழு.

இன்னொரு பழக்கமும் அவர்களுக்கு உண்டு. சோதனைக்காகப் பாட்டுப் போட்டிருக்கும்போது சாப்பிடக் கூப்பிட்டால் அவன் காதில் விழாது. அவள் பின்பக்கப் படியில் இறங்கி வந்து, ஸ்பீக்கரின் நடுவில் ஆடுகிற அந்தக் கறுப்பு வட்டத்தின் மேல், கோன் என்று இவர்கள் சொல்வதன் மேல், உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். சத்தம் கம்மும். அவன் நிமிர்வான். "உங்க வாயத் திறக்கத்தான் முடியல, இதோட வாயையாவது மூடிப் பாக்கறேன்" என்பாள். கல்யாணமான புதிதில் சொன்னது. இப்போதும் அதேதான், அதே சிரிப்போடு.

நாலாம் மாதத்திலிருந்து அவன் சத்தமாக எதையும் சோதிப்பதில்லை. மாடி அதிரக் கூடாது.

வண்டியைக் காலையில் கொண்டுவந்து விட்டவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் மிகச் சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைப் பேனா மாதிரி செருகியிருந்தார். ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோய்விட்டது, புதிது வாங்கி வந்திருக்கிறேன், மாட்டிக் கொடுங்கள் என்றார்.

"போட்டு விட்டுடறேன் சார். பெட்டியையும் ஒரு தடவ பாத்துடறேன்."

"பெட்டி சரியாத்தான் இருக்கு. ஆம்ப் மட்டும் போதும்."

"என்ன பாட்டு கேப்பீங்க? அதுக்குத் தக்கன செட் பண்ணிக் குடுத்துடலாம்."

"நான் பாட்டே கேக்கறதில்ல" என்றார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. டிக்கிக்குள் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா ஆம்ப் இல்லாம இருக்கு. இன்னிக்கே முடிச்சுடுங்க. கொஞ்சம் சீக்கிரமா." ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கெஞ்சுகிற குரல் மாதிரி இருந்தது அது.

வண்டியின் பின்சீட்டில் குழந்தைகளை உட்கார வைக்கிற சின்ன இருக்கை ஒன்று பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது. கடையில் சுற்றிக் கொடுத்த கண்ணாடித்தாள் உறை அப்படியே இருந்தது. மடிப்புகளில் தூசி படிந்து, வெயில் பட்டு மஞ்சளாகியிருந்தது. அவன் வழக்கமாகத் தொழிலைத் தாண்டி எதையும் கேட்கிறவன் இல்லை. ஆனால் வீட்டிலும் அதே நினைப்பாக இருக்கிறவனுக்கு வாய் முந்திக்கொண்டது.

"வீட்ல குழந்தை வரப் போகுதா சார்?"

"இல்ல" என்றார் அவர். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, ஷட்டருக்கு அடியில் குனிந்து போனார்.

ஆம்பை மாட்ட முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பேட்டரி ஒயர், எர்த் ஒயர், பெட்டியிலிருந்து வருகிற இரண்டு ஒயர்கள். ஒரு பாட்டை மெல்ல வைத்தான். பாடுகிறவரின் குரல் முன் ஸ்பீக்கர்களில் தெளிவாக வந்தது. டிக்கியிலிருந்து ஒன்றும் வரவில்லை. சத்தத்தை ஒரு பிடி ஏற்றினான், இன்னும் ஒரு பிடி. கோன்கள் இரண்டும் ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. பாட்டை நிறுத்திவிட்டு ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து ஒயர் முனைகளில் தொட்டுப் பார்த்தான். சரியாக இருந்தால் இரண்டு கோனும் ஒன்றாக வெளியே துள்ளும். இடது கோன் வெளியே துள்ளியது, வலது உள்ளே போனது. ஒன்று மூச்சை விட இன்னொன்று மூச்சை இழுத்த மாதிரி.

பேட்டரியை எடுத்துவிட்டான். கோன்கள் இன்னும் ஒருமுறை அசைந்தன. தெருவில் லாரி போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அவர் சொன்னபடி விட்டிருக்கலாம். ஆம்ப் மட்டும் என்றுதானே சொன்னார். ஆனால் கைக்குப் பழகிய ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. சாய்ந்து மாட்டிய படத்தைக் கண்டால் நிமிர்த்தாமல் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, பிளஸ் மைனஸ் மாறியது தெரிந்தபின் மூடி வைக்க இவனால் முடியாது. தன் கடைக்கு வந்துபோன வண்டி இப்படி ஊமையாகப் போவதா? அந்தப் பெயர் தனக்கு ஒருவனுக்குப் போதும். கை துறுதுறுத்தது. எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி வலது சப்வூஃபரைத் தூக்கினான்.

முதலில் முகத்தில் பட்டது வெப்பம்.

மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் மரத்தூளும் பசையும் கலந்த ஒரு வாடை வரும், கொஞ்சம் புழுக்கமாக. அது அவனுக்குப் பழக்கம். இது வேறு. இரண்டு நாளாக மின்சாரமே போகாத பெட்டிக்குள்ளிருந்து, தூங்குகிறவரின் போர்வையை விலக்கினால் வருகிற வெதுவெதுப்பு வந்தது. லேசான ஈரம். வாடை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவன் தன்னை அறியாமல் மூச்சை மெல்ல விட்டான், எதையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல்.

அப்புறம்தான் அந்த நூல் கட்டைப் பார்த்தான்.

ஒரு நிமிஷம் நின்றான். பிறகு பிளேடால் முடிச்சுகளை அறுத்து, ஈயத்தை உருக்கி, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் வைத்துப் பற்றவைத்து, ஸ்பீக்கரைப் பெட்டியில் இறக்கி எட்டு ஸ்க்ரூவையும் முடுக்கினான். கடைசி ஸ்க்ரூ இறுகியபோது மாடியில் ஏதாவது தட்டுக் கேட்டதா என்று காதைக் கொடுத்தான். இல்லை. சுவரில் மணி பன்னிரண்டரை. உதை எண்ணிக்கை ஏழிலேயே நின்றுகொண்டிருந்தது.

பாட்டை வைக்கப் போனவன் பாதியில் நின்றான்.

பாட்டு வைக்காமலே சத்தம் வந்தது.

மிகத் தாழ்ந்த சத்தம். காதில் கேட்பதற்கு முன்னால் காலில் தெரிந்தது. செருப்பு வழியாக ஏறி முழங்காலில் நின்றது. ஸ்பேனர்கள் மாட்டியிருந்த பலகையில் ஒன்றோடொன்று உரசி மெல்ல மணியடித்தன. டப்டப், டப்டப், டப்டப் என்று இடைவெளியில்லாமல், அவசரமாக, எங்கோ போயே தீரவேண்டியது போல. ஒயரில் ஏதோ இரைச்சல் ஏறுகிறது என்று நினைத்தான். புது ஆம்ப்தான் கோளாறு. ஃபியூஸைப் பிடுங்கினான். சத்தம் நிற்கவில்லை. ஆம்பிலிருந்து பெட்டிக்குப் போகிற ஒயர்களைக் கழற்றினான், நிற்கவில்லை. வண்டியின் முன்னால் போய் பானட்டைத் தூக்கிப் பேட்டரியின் முனையைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

கோன்கள் ஆடிக்கொண்டிருந்தன. எதோடும் சேராமல் இரண்டு ஒயர் நுனிகள் டிக்கிக்குள் தொங்கிக்கொண்டிருக்க, இரண்டு கறுப்பு வட்டங்களும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் தாழ்ந்து, எழுந்து, தாழ்ந்து.

இந்தச் சத்தத்தை அவன் முன்பே கேட்டிருக்கிறான். எங்கே என்று தேடும்போதே நினைவு வந்தது. இருட்டான ஸ்கேன் அறை. அவள் படுத்திருக்கிறாள். டாக்டரம்மா ஏதோ ஒரு குமிழைத் திருப்பியதும் அறை முழுக்க இதே ஓட்டம். "தண்ணிக்குள்ள யாரோ ஓடற மாதிரி இருக்குல்ல?" என்று அவள் அவன் கையைப் பிடித்தாள். டாக்டரம்மா திரையைப் பார்த்து, "நூத்தி நாப்பத்தி நாலு. அழகா ஓடுது" என்றார். அந்த எண் எழுதிய தாள் இப்போதும் மாடியில் ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கிறது. தினமும் தண்ணீர் எடுக்கும்போது பார்க்கிற எண்.

கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். கால் நிமிஷத்தில் முப்பத்து மூன்று. மறுபடி எண்ணினான். முப்பத்து மூன்று. நாலால் பெருக்கினால் நூற்று முப்பத்திரண்டு.

நூற்று நாற்பத்து நாலு இல்லை. நம்முடையது இல்லை.

அப்படி ஒரு எண்ணம் தனக்கு ஏன் வர வேண்டும் என்று அவன் யோசித்துக்கொண்டு நிற்கையில், வலது கோன் ஒருமுறை தடுமாறியது.

ஒரு நொடி அப்படியே நின்றது. எதையோ கூர்ந்து கேட்பதுபோல். பிறகு மறுபடி ஆட ஆரம்பித்தது. இடதோடு சேர்ந்து இல்லை. சற்று வேகமாக. இடது தாழும்போது வலது எழுந்தது, பிறகு இரண்டும் ஒருகணம் சேர்ந்தன, பிறகு விலகின. சேர்ந்து நடந்துகொண்டிருந்த இருவரில் ஒருவர் சட்டென்று வேறு ஆளாக மாறிவிட்டதுபோல்.

எண்ண வேண்டாம் என்று நினைத்தான். எண்ணினான்.

கால் நிமிஷத்தில் முப்பத்தாறு.

மாடியை அண்ணாந்து பார்த்தான். சிமென்ட் கூரை, ஒரு விரிசல், குழல்விளக்கின் ஒயர். தட்டு வரவில்லை. ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு வந்துவிட்டால் போதும். வாழ்நாள் முழுக்க எதையும் கேட்க மாட்டேன் என்று, யாரிடம் என்று தெரியாமலே, மனதுக்குள் சொன்னான்.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டான். கண்ணாடிக் கடைக்காரர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் கடையில் யாரோ ஒரு பெண், "இந்த ஃப்ரேம் எனக்குக் கொஞ்சம் பெருசா இல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டி முடிஞ்சுதா?"

"சார், பெட்டியில ஒரு ஒயர் மாறியிருந்துச்சு. நான்..."

 அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கிற ஓசை கேட்டது.

"மாத்திட்டீங்க" என்றார்.

"பேட்டரியக் கழட்டிட்டேன் சார். ஒரு ஒயர் கிடையாது. அப்பவும் ஓடுது."

"ஓடுதா?" அவர் குரல் உடைந்தது. "நெசமாவா? ஆம்ப் போனதும் நின்னுபோச்சுன்னு நெனச்சேங்க. கைய வெச்சுப் பாக்கவும் பயமா இருந்துச்சு. ரெண்டு நாளாத் தூங்கல. ஓடுதா?" அவர் அழுதார். அது சந்தோஷத்தில் அழுகிற அழுகை. அவனுக்கு அந்தச் சந்தோஷம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"என்ன சார் இது?"

"ரெண்டும் ஒண்ணாத்தானே ஆடுது?"

அவன் டிக்கிக்குள் குனிந்து மறுபடி பார்த்தான்.   

"தம்பி. ரெண்டும் ஒண்ணா ஆடுதான்னு கேட்டேன்."

"இல்ல. வலது பக்கம் வேற."

 பின்னால் அந்தப் பெண் ஏதோ கேட்டாள்; அவர் இவனிடமே பேசினார். 

"உங்க வீடு எங்க இருக்கு?"

"மேல. கடைக்கு மேல."

"மேல யாரு இருக்காங்க?"

அவன் கூரையைப் பார்த்தான். சொன்னால் அது நிஜமாகிவிடும்.

"அதுங்க ஒண்ணா வெளிய தள்ளினா பக்கத்துல இருக்கற இன்னொரு துடிப்பையும் இழுத்துக்கும்னுதான் நான் ஒண்ணைத் திருப்பிக் கட்டினேன்" என்றார் அவர். குரல் இப்போது மிகவும் தணிந்திருந்தது, வாடிக்கையாளரிடம் கண் பார்வை குறைந்திருப்பதைச் சொல்கிற மாதிரி. "நான் கெளம்பிட்டேன். அரை மணியில வந்துடுவேன். இடது பக்கம் ஓடறது என் புள்ளையோடது. அதத் தொட்டுடாதீங்க. கை பட்டா நின்னுடும், நின்னா நின்னதுதான். எனக்கு அத மட்டும் பத்திரமா குடுத்துடுங்க."

"வலது? சார், வலத என்ன செய்யறது? எப்படித் திரும்ப..."

"அது தெரிஞ்சிருந்தா நான் ஏங்க அந்தக் குழந்தை சீட்டோட உறையப் பிரிக்காம வெச்சிருக்கேன்?"

போன் அணைந்தது.

அவன் ஓடவில்லை. கூச்சலிடவில்லை. கை தானாக ஈயம் பற்றவைக்கிற கோலை எடுத்தது. எட்டு ஸ்க்ரூ. ஸ்பீக்கரைத் தூக்கினான், கையில் அது பிடிபட்ட பறவை மாதிரி அடித்துக்கொண்டது. சிவப்பைக் கழற்றிக் கறுப்பில். கறுப்பைக் கழற்றிச் சிவப்பில். விரல் நுனி சுட்டது தெரியவில்லை. உள்ளே இறக்கி முடுக்கினான். எப்படி இருந்ததோ அப்படியே.

சத்தம் குறையவில்லை.

ஏன் என்று பதினாறு வருஷ அனுபவம் அவனுக்குச் சொன்னது. ஒரே சத்தமாக இருந்தால்தான் ஒன்றை ஒன்று விழுங்கும். இது இரண்டு. நூற்று முப்பத்திரண்டும் நூற்று நாற்பத்து நாலும் எத்தனை முறை திருப்பிக் கட்டினாலும் ஒன்றை ஒன்று அழிக்காது. இரண்டும் ஓடும். அதனதன் வேகத்தில்.

ஷட்டர் தகரம் அதிர்ந்தது. குழல்விளக்கு நடுங்கியது. பலகையிலிருந்து ஒரு ஸ்பேனர் கழன்று விழுந்தது. விழுந்த ஓசை கேட்கவில்லை.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். இப்போதே. என்னவென்று சொல்வது? என்னவோ சொல்லிக்கொள்ளலாம். அவனிடம் வேறு வண்டி இல்லை. இதில்தான் போக வேண்டும். பெட்டியோடு. பெட்டியை இங்கே விட்டுவிட்டு அவளை மட்டும் தூரமாகக் கொண்டுபோனால் என்ன ஆகும்? இதற்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற பிணைப்பு எவ்வளவு தூரம் நீளும்? சேர்ந்தே போகட்டும். ஒரே வண்டியில். பக்கத்தில் பக்கத்தில். டாக்டரம்மாவிடம் டிக்கியைத் திறந்து காட்டிவிடலாம்.

முன்பக்கம் போனான். தூக்கிய பானட்டுக்குப் பின்னால் குனிந்து பேட்டரி முனையை எடுத்தான். அது உட்காரவில்லை. திருகினான். வழுக்கியது. மறுபடி.

அப்போது பின்பக்கப் படியில் நிழல் அசைந்தது.

பானட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி. அதன் வழியே வண்டியின் முழு நீளமும் தெரிந்தது. முன்சீட்டுகள். அதற்குப் பின்னால் கண்ணாடித்தாள் உறை போட்ட சின்ன இருக்கை. அதற்கும் பின்னால் திறந்திருந்த டிக்கியின் வெளிச்சச் சதுரம். அந்தச் சதுரத்துக்குள் அவள் வந்து நின்றாள். ஒரு கையில் குடை. சத்தத்துக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவனைத் தேடினாள். பானட் மறைத்தது.

"தொடாதே!"

வாயைத் திறந்து கத்தியது அவனுக்கே கேட்கவில்லை.

அவள் குனிந்தாள். எப்போதும் வலது கைதான். எப்போதும் கைக்கு நேராக இருக்கிற கோன்தான்.

நாலு எட்டு தூரம். அவன் ஓடினான். கதவில் இடித்து, கருவிப்பெட்டியில் தடுக்கி, முழங்கால் தரையில் மோதி, எழுந்து.

சத்தம் கம்மியது.

பாதிச் சத்தம்.

அவள் உள்ளங்கை வலது கோனின்மேல் அழுந்தி இருந்தது. அவன் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கைய எடு" என்றான்.

"அப்பாடா, வாயத் திறந்தாச்சு!" என்று கையை எடுத்தாள். "மாடியே ஆடுது. மெதுவா வெப்பேன்னு சொன்னது என்னாச்சு? வாங்க, சாப்பாடு ஆறுது."

வலது கோன் அசையவில்லை. வெறும் கறுப்பு வட்டம். நடுவில் அவள் உள்ளங்கையின் வியர்வைத் தடம், விளிம்பிலிருந்து காய்ந்துகொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பக்கத்தில் இடது கோன் ஓடிக்கொண்டிருந்தது. டப்டப், டப்டப், யாருடையதோ, அரை மணியில் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போகப்போவது.

"என்னங்க இப்படிப் பாக்கறீங்க? ஏழுலயே நிக்குதேன்னா?" அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "நீங்க போட்ட சத்தத்துல தூங்கிடுச்சு. இப்பதான் ரொம்ப அமைதியாப் படுத்திருக்கு. சாப்பிட்டா உதைக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. மூணுதானே பாக்கி."

இங்கேயே தட்டிக் காட்டுகிறேன் என்பதுபோல் குடையின் நுனியைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, உள்ளே கேட்டுக்கொண்டு நின்றாள்.